ஆட்களுக்கு நடுவே ரோபோவை ஓட்டுதல்: யாழ்ப்பாணத்தில் இருந்து ஆட்டக் கோட்பாட்டுக் கட்டுப்பாட்டைத் தொடங்குவோருக்கு

இரண்டு பக்கமும் மதில் உள்ள ஓர் ஒழுங்கையில் நீங்கள் சைக்கிளில் போகிறீர்கள். எதிரே ஒரு முச்சக்கர வண்டி வருகிறது. இரண்டும் ஒன்றாகக் கடக்க இடமில்லை. நீங்கள் அவருடைய கதியைப் பார்க்கிறீர்கள், அவர் உங்களுடைய கதியைப் பார்க்கிறார், யாரோ ஒருவர் ஒரு படலையடியில் ஒதுங்க, மற்றவர் போய்விடுகிறார். எதிரே வருபவர் தன் விருப்பப்படி முடிவெடுப்பவர், அவருடைய முடிவு நம்முடையதைப் பார்த்து மாறும், நம்முடையது அவருடையதைப் பார்த்து மாறும் என்ற இந்த வட்டத்தைக் கணிதமாக எழுதி, அதன் விடையைக் கொண்டு ஓர் இயந்திரத்தைச் செலுத்துவதையே ஆட்டக் கோட்பாட்டுக் கட்டுப்பாடு என்கிறார்கள். தன்னியக்கக் கார்களுக்கும் ட்ரோன்களுக்கும் பயன்படும் அதே முறையை, ஒரு சிறிய சக்கர ரோபோவை ஆட்கள் நடமாடும் மண்டபம் ஒன்றில் ஓட்டுவதற்கு நான் பயன்படுத்தினேன்.

அதற்கு எனக்குப் பதினொரு மாதம் எடுத்தது. அதில் நான்கு மாதம் கடிதங்களுக்காகவும் ஒரு பொதிக்காகவும் காத்திருந்ததில் போனது. இன்னொரு மாதம், கீழே சொல்லப்போகும் ஒரு குறிப் (+/−) பிழையிலும் அதன் உறவினர்களிலும் போனது. இதே வேலையை இன்று தொடங்கினால் ஆறு மாதத்தில் முடிப்பேன் என்று நினைக்கிறேன். உயர்தர இணைந்த கணிதமும், தாயங்களைக் கையாளும் பழக்கமும், ஓரளவு பைதனும் உங்களிடம் இருக்கின்றன என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

1. முதற்கிழமை: கணினியைத் திறக்காமல் ஓர் ஒழுங்கையைத் தீர்த்துப் பாருங்கள்

இந்தப் படியைத் தாண்டிப் போகிறவர்களே அதிகம். நானும் தாண்டித்தான் போனேன், பின்னர் திரும்பி வந்தேன். ஒரு தாளில் அந்த ஒழுங்கையை வரையுங்கள். இருவருக்கும் இரண்டு தெரிவுகள்: போவது, நிற்பது. இருவரும் போனால் மோதல், ஆளுக்கு 100 செலவு. ஒருவர் போக மற்றவர் நின்றால் போனவருக்கு 0, நின்றவருக்கு 3. இருவரும் நின்றால் யாருக்கும் பயனில்லாத தாமதம், ஆளுக்கு 5. இந்த எண்கள் நான் வைத்தவை. நீங்கள் வேறு எண்களை வைத்துக்கொள்ளலாம்.

மற்றவர் தன் தெரிவை மாற்றாதவரை, தான் மட்டும் மாறி இலாபம் பார்க்க எவராலும் முடியாத நிலையை நாஷ் சமநிலை என்கிறோம். இந்த ஆட்டத்தில் வெளிப்படையான சமநிலைகள் இரண்டு: நீங்கள் போய் அவர் நிற்பது, அவர் போய் நீங்கள் நிற்பது. மூன்றாவது ஒன்றும் ஒளிந்திருக்கிறது. மற்றவர் போகும் நிகழ்தகவு p என்றால், போவதன் எதிர்பார்ப்புச் செலவு 100p. நிற்பதன் எதிர்பார்ப்புச் செலவு 3p + 5(1 − p), அதாவது 5 − 2p. இரண்டும் சமனாகும்போது p = 5/102, ஏறக்குறைய 0.049. இருவரும் இப்படி நடந்தால் நூறு சந்திப்புகளில் ஏறக்குறைய தொண்ணூறில் இருவருமே நின்றுகொண்டிருப்பார்கள். ஆளுக்குச் செலவு 4.9. பேசாமல் விட்டுக்கொடுத்திருந்தால் 3 தான்.

ஆட்களைக் கண்டதும் உறைந்துபோகும் ரோபோவை இந்தக் கணக்கில் நீங்கள் பார்த்துவிட்டீர்கள். ஒவ்வொருவரும் எங்கே போவார் என்று தனித்தனியே எதிர்வுகூறி, அந்த எதிர்வுகூறல்களின் ஐயவட்டங்களை எல்லாம் தவிர்க்க முயலும் ரோபோவுக்கு, கூட்டம் சற்று அடர்ந்தாலே போக வழியில்லாமல் போகிறது என்பதை ஆய்வாளர்கள் ட்ரௌட்மனும் க்ராவுஸும் 2010 இல் காட்டினார்கள். ஆட்கள் ஒதுங்கி இடம் தருவார்கள் என்பதையும் சேர்த்துக் கணக்கிடுவதே வெளியேறும் வழி. ஆனால் எத்தனை தூரம் ஒதுங்குவார்கள், யார் முதலில் ஒதுங்குவார்கள் என்ற கேள்வி அப்போது எழும். இனி வரும் வேலை முழுவதும் அந்தக் கேள்வியைச் சுற்றித்தான்.

எண்களை மாற்றி மாற்றி ஒரு கிழமை விளையாடுங்கள். நிற்பதன் செலவை 3 இல் இருந்து 0.5 ஆக்கினால் p எப்படி மாறுகிறது, ஒருவருக்கு மட்டும் அவசரம் இருந்தால் என்ன நடக்கிறது என்பதைக் கையால் கண்டவர்களுக்கு, பின்னர் கணினி தரும் விசித்திரமான விடைகள் அவ்வளவு விசித்திரமாகத் தெரியமாட்டா.

2. அதே கிழமையில் ஆவணங்களைத் தொடங்குங்கள்

நிரல் எழுதி முடித்த பின்னர் அனுமதி கேட்கலாம் என்று நான் நினைத்ததுதான் என்னுடைய மிகப் பெரிய பிழை. மனிதர்களைப் பங்கேற்பாளர்களாகக் கொண்ட எந்தச் சோதனைக்கும் நெறிமுறை மீளாய்வுக் குழு ஒன்றின் அனுமதி முன்கூட்டியே வேண்டும். நடந்து முடிந்த சோதனைக்குப் பின்திகதியிட்டு அனுமதி கிடைக்காது. நீங்கள் ஒரு கல்வி நிறுவனத்தின் மாணவர் இல்லையென்றால், முதலில் ஒரு விரிவுரையாளரை மேற்பார்வையாளராகச் சம்மதிக்க வையுங்கள். குழுவுக்குப் போகும் விண்ணப்பம் அவருடைய கையொப்பத்துடன் போகவேண்டும்.

தயார் செய்யவேண்டியவை இவை. ஆய்வு முன்மொழிவு ஒன்று. நான்கு பக்கத்தைத் தாண்டாமல், சமன்பாடு எதுவும் இல்லாமல், ரோபோவின் நிறை, உச்சக் கதி, அது நிறுத்தப்படும் முறை என்பவற்றைத் தெளிவாகச் சொல்வது. பங்கேற்பாளருக்கான தகவல் தாளும் சம்மதப் படிவமும். ஆபத்து மதிப்பீடு, எந்த ஆபத்து, எவ்வளவு சாத்தியம், அதற்கு என்ன செய்திருக்கிறீர்கள் என்று மூன்று நிரல்கள் போதும். சோதனை நடக்கும் மண்டபத்தின் பொறுப்பாளரிடம் இருந்து எழுத்தில் ஒரு சம்மதக் கடிதம். ஒளிப்பதிவு செய்வீர்கள் என்றால், அதை எங்கே, எவ்வளவு காலம் வைத்திருப்பீர்கள், யார் பார்ப்பார்கள், எப்போது அழிப்பீர்கள் என்ற குறிப்பு. தனிப்பட்ட தரவுகளைப் பாதுகாப்பதற்கான 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கச் சட்டம் நம் நாட்டில் இருக்கிறது என்பதை மனத்தில் வைத்து இந்தக் குறிப்பை எழுதுங்கள்.

என்னுடைய விண்ணப்பம் முதல் தடவை திரும்பி வந்தது. சம்மதப் படிவம் ஆங்கிலத்தில் மட்டும் இருந்தது. பங்கேற்கப் போகிறவர்களோ எங்கள் ஊரவர்கள். தமிழில் எழுதிக் கொடுத்தபோது, "தன்னியக்க முகவர்" என்ற சொல் யாருக்கும் விளங்காது என்று இரண்டாவது தடவையும் வந்தது. அந்த இரண்டாவது திருத்தத்துக்கு நான் இன்று நன்றியுடையவன், ஏனென்றால் "தானாக ஓடும் சிறிய வண்டி ஒன்று உங்களுக்கு எதிரே வரும், நீங்கள் வழமைபோல நடவுங்கள்" என்று எழுதிய பிறகுதான் என்ன சோதிக்கிறேன் என்பது எனக்கே தெளிவானது. குழுக்கள் குறித்த இடைவெளியில்தான் கூடுகின்றன. ஒரு கூட்டத்தைத் தவறவிட்டால் அடுத்தது வரை காத்திருக்கவேண்டும். ஆகவே கூட்டத் திகதியையும் விண்ணப்பம் ஏற்கும் இறுதித் திகதியையும் முதலிலேயே கேட்டு எழுதிவையுங்கள். எனக்கு மொத்தம் பதினான்கு கிழமை எடுத்தது.

3. மென்பொருளுக்குச் செலவில்லை, பதிப்புகளில்தான் சிக்கல்

வேண்டியவை எல்லாம் இலவசமானவை: உபுண்டு இயங்குதளம், பைதன், உகப்பாக்கத்துக்கு (செலவை இழிவாக்கும் கணக்குகளுக்கு) கஸாடியும் (CasADi) அதனுடன் வரும் ஐபாப்ட் (IPOPT) தீர்வியும், ரோபோவின் பாகங்களை இணைத்து இயக்க ரோஸ் 2 (ROS 2). ரோஸ் 2 இன் ஹம்பிள் பதிப்பு உபுண்டு 22.04 உடனும், ஜாஸி பதிப்பு 24.04 உடனும் பொருந்துபவை. ஒன்றுக்கு மற்றதை நிறுவ முயன்று இரண்டு நாளைத் தொலைக்காதீர்கள். ஹம்பிளுக்கான ஆதரவு 2027 மே மாதத்துடன் முடிவதால், புதிதாகத் தொடங்குபவர் ஜாஸியை எடுப்பது நல்லது. மடிக்கணினியிலும் ரோபோவிலும் ஒரே பதிப்பு இருக்கட்டும்.

கார்லா போன்ற பெரிய வாகனப் பாவனையாக்கிகளைத் தொடக்கத்தில் பதிவிறக்கவே வேண்டாம். நல்ல கிராபிக்ஸ் அட்டை இல்லாமல் அவை தவழும். பதிவிறக்கமும் பல ஜிகாபைட். புள்ளிகளாக நகரும் இரண்டு வட்டங்களைப் பைதனின் வரைதல் நூலகமான மேட்பிளாட்லிப்பில் வரைந்தாலே முதல் மூன்று மாதத்துக்குப் போதும்.

4. இரண்டு பேர் ஆட்டத்தை ஓடவைத்தல்: ஐந்து முதல் ஆறு கிழமை

ஒழுங்கைத் தாளில் இருந்த "போ, நில்" என்ற தெரிவுகளுக்குப் பதிலாக இப்போது ஆர்முடுகலும் திரும்பும் வீதமும் வருகின்றன. ஒவ்வொருவருக்கும் ஒரு செலவுச் சார்பு எழுதவேண்டும்: இலக்கை நோக்கி விரும்பிய கதியில் போகாமைக்கு ஒரு செலவு, சடுதியாகத் திரும்புவதற்கும் அமர்முடுகுவதற்கும் ஒரு செலவு, மற்றவருக்குக் கிட்டப் போவதற்கு ஒரு செலவு. மூன்றுக்கு மேல் வைக்காதீர்கள். அடுத்த நான்கு செக்கன்களை 0.1 செக்கன் படிகளாக வெட்டினால் நாற்பது படி. அந்த நாற்பது படிக்கும் திட்டம் போட்டு, முதற்படியை மட்டும் செயற்படுத்தி, மறுபடி திட்டமிடவேண்டும்.

இருவருடைய திட்டத்தையும் ஒன்றாகத் தீர்ப்பதற்குப் பல முறைகள் உள்ளன. நான் முதலில் பாய்ந்தது மிகக் கடினமான ஒன்றில். நீங்கள் மிக எளிதானதில் தொடங்குங்கள். கிட்டப் போவதற்கான செலவு இருவருக்கும் ஒரே அளவாக இருந்தால், அந்த ஆட்டம் அழுத்த ஆட்டம் (potential game) என்ற வகையில் விழும். மொண்டரரும் ஷாப்லியும் 1996 இல் வரையறுத்த இந்த வகையின் சிறப்பு, முழு ஆட்டத்தையும் ஒரே ஒரு சார்பை இழிவாக்கும் கணக்காக மாற்றலாம் என்பதே. ஒவ்வொருவருடைய சொந்தச் செலவுகளையும் கூட்டி, அவற்றுடன் இருவருக்கும் பொதுவான செலவை ஒரு தடவை மட்டும் கூட்டுங்கள். அதன் இழிவு ஒரு நாஷ் சமநிலை. பொதுச் செலவை ஆளுக்கு ஒரு தடவை என்று இரண்டு தடவை கூட்டிவிடுவது எல்லோரும் விடும் பிழை. நிரல் ஓடும், படமும் அழகாக வரும், ஆனால் நீங்கள் தீர்த்தது வேறு ஆட்டம்.

அடுத்த பொறி இதைவிட நுட்பமானது. இருவரையும் ஒரே நேர்கோட்டில் நேருக்கு நேர் நிறுத்தித் தொடங்கினால், இருவரும் நடுவில் வந்து முகத்துக்கு முகம் நிற்கும் விடையே வரும். இடமும் வலமும் முற்றாகச் சமச்சீராக இருப்பதால் பக்கவாட்டில் சாய்வு பூச்சியமாகிறது. எந்தப் பக்கம் ஒதுங்குவது என்று சொல்ல எதுவுமில்லை. தீர்விக்குக் கொடுக்கும் தொடக்க ஊகத்தில் ஒருவரை ஐந்து சென்ரிமீற்றர் தள்ளிவையுங்கள், வழி பிறக்கும். நான் இதைத் தீர்வியின் கோளாறு என்று நினைத்து மூன்று நாள் அமைப்புகளை மாற்றிக்கொண்டிருந்தேன்.

அந்த ஐந்து சென்ரிமீற்றரை எந்தப் பக்கம் தள்ளுகிறீர்களோ அந்தப் பக்கச் சமநிலையே விடையாக வரும் என்பதையும் கவனியுங்கள். தீர்வி உங்களுக்குத் தருவது ஒரு சமநிலை. எதிரே வருபவர் மனத்தில் இருப்பது மற்றச் சமநிலையாக இருக்கலாம். முந்திய விடையை அடுத்த ஊகமாகக் கொடுப்பது வேகத்துக்கு நல்லது, ஆனால் அது பழைய பக்கத்திலேயே ஒட்டிக்கொள்ளும். ஆகவே ஒவ்வொரு தடவையும் இடப்பக்க ஊகம், வலப்பக்க ஊகம் என்று இரண்டு தீர்வுகள் எடுத்து, ஆள் எதன்படி நடக்கிறார் என்ற நம்பிக்கையை அவதானத்தில் இருந்து புதுப்பியுங்கள். தொடக்கத்தில் 0.5, 0.5 என்று இருக்கட்டும். அவர் எடுத்த அடி இடப்பக்கத் திட்டத்தின்படி 0.8 நிகழ்தகவும் வலப்பக்கத் திட்டத்தின்படி 0.3 நிகழ்தகவும் உடையது என்றால், ஓர் அடியில் இடப்பக்க நம்பிக்கை 0.73, அதேபோன்ற இரண்டாம் அடியில் 0.88. இரண்டு அடியில் ரோபோ தெளிந்துவிடுகிறது. இத்துடன், ரோபோவின் செலவுச் சார்பில் இடப்பக்கத்துக்கு ஒரு சிறு சலுகையும் வைத்தேன். நம் வீதிகளில் இடப்பக்கம் ஓடிப் பழகியவர்களுக்கு அது எதிர்பாராததாக இராது.

நிரல் சரிதானா என்று பார்க்க மூன்று சோதனைகள் போதும். கிட்டப் போவதன் செலவைப் பூச்சியமாக்கினால் இருவரும் தனித்தனியே போகும் உகந்த பாதைகள் வரவேண்டும். இருவருக்கும் முழுக்க ஒரே செலவுச் சார்பைக் கொடுத்தால் ஒரே ஆள் இருவரையும் செலுத்துவது போன்ற விடை வரவேண்டும். இருவரையும் இடம் மாற்றினால் விடையும் அப்படியே இடம் மாறவேண்டும்.

இவை சரிவந்த பிறகு, செலவுகள் சமச்சீராக இல்லாத ஆட்டங்களுக்குப் போகலாம். 2020 இல் வெளிவந்த, சிக்கலான ஆட்டத்தை மீளமீள எளிய ஏகபரிமாண இருபடி ஆட்டங்களாக்கித் தீர்க்கும் முறையும் (iLQGames), ஜூலியா நிரல் மொழியில் உள்ள ஆல்கேம்ஸ் (ALGAMES) தீர்வியும் திறந்த மூலமாகக் கிடைக்கின்றன. ஒருவர் தலைவர், மற்றவர் அவரைப் பார்த்துப் பின்பற்றுபவர் என்று கொள்ளும் ஸ்டாக்கல்பெர்க் ஆட்டமும் உண்டு. கணக்கு எளிது என்பதால் பலர் அதை எடுக்கிறார்கள். ரோபோவைத் தலைவராக்கினால், "நான் போனால் அவர் நிற்பார்" என்று அது உறுதியாக நம்பி முன்னே நுழையும். அவர் கைபேசியைப் பார்த்துக்கொண்டு வருகிறார் என்றால் என்ன ஆகும் என்று யோசித்துவிட்டு முடிவெடுங்கள்.

ஆட்களின் எண்ணிக்கையை உயர்த்தும்போது சோடிகள் எப்படிப் பெருகுகின்றன என்று பாருங்கள்: நான்கு பேருக்கு ஆறு சோடி, பத்துப் பேருக்கு நாற்பத்தைந்து. ரோபோவுக்கு மிகக் கிட்ட உள்ள இருவரையோ மூவரையோ மட்டும் ஆட்டத்தில் சேர்த்து, ஏனையோரை நேர்கோட்டில் நகர்வதாகக் கொண்டால், 100 மில்லிசெக்கனுக்குள் விடை எடுப்பது நடக்கக்கூடிய காரியமாகிறது.

5. எதிரே வருபவர் எதை விரும்புகிறார்: தரவு

ரோபோவின் செலவுச் சார்பு உங்கள் கையில் இருக்கிறது, மற்றவருடையது இல்லை. அதை அவர் நடந்த பாதைகளில் இருந்து பின்னோக்கிக் கணிக்கவேண்டும். நடப்பவர்களுக்கு ஈ.டி.எச் (ETH, 2009), யூ.சி.வை (UCY, 2007) தரவுத் தொகுப்புகள் இலவசம், அவற்றை 0.4 செக்கனுக்கு ஓர் இடம் என்ற இடைவெளியில்தான் பெரும்பாலும் பயன்படுத்துகிறார்கள் என்பதால், உங்கள் 0.1 செக்கன் படிக்கு இடைச்செருகல் செய்யவேண்டிவரும். வாகனங்களுக்கு, ஜெர்மனியின் ஆகன் நகர்ப் பகுதியில் ட்ரோனில் இருந்து எடுத்த இன்டி (inD), ரவுன்டி (rounD) தொகுப்புகள் இருக்கின்றன. அவற்றை விண்ணப்பித்துப் பெறவேண்டும், ஆகவே நிறுவன மின்னஞ்சல் முகவரியில் இருந்து, எதற்காக என்று இரண்டு வரி சேர்த்து எழுதுங்கள்.

ஜெர்மனியில் வலப்பக்கம் ஓடுகிறார்கள். நமக்கு இடப்பக்கம் வேண்டும் என்பதால் ஆள்கூறுகளைக் கண்ணாடியில் பார்ப்பது போலத் திருப்பவேண்டும். நான் y ஆள்கூறின் குறியை மாற்றினேன், குறுக்கு வேகத்தின் குறியையும் மாற்றினேன், திசைக்கோணத்தை மறந்துவிட்டேன். கார்கள் எல்லாம் இடம் நோக்கியபடி வலம் நோக்கி நகர்ந்தன. கணிப்பு, "சாரதிகள் சடுதியாகத் திரும்புவதை விரும்புகிறார்கள்" என்று விடை சொன்னது. அந்த விடையை நம்பி, அதற்கு ஒரு விளக்கமும் எழுதத் தொடங்கியிருந்தேன். தரவைத் திருப்பியவுடன் பத்து வாகனங்களை அம்புக்குறியுடன் வரைந்து கண்ணால் பாருங்கள்.

நம் ஊர்த் தரவு வேண்டும் என்ற ஆசை எல்லோருக்கும் வரும், வரத்தான் வேண்டும். கஸ்தூரியார் வீதியில் ஒரு மாடியில் நின்று பத்து நிமிடம் பார்த்தால் போதும். சைக்கிள்காரர் திரும்புமுன் தோளுக்கு மேலாகப் பின்னே பார்க்கிறார், முச்சக்கர வண்டி ஹோர்னைத் தட்டி "நான் வருகிறேன்" என்கிறது, வெள்ளைக்கோட்டை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. இவை எல்லாம் ஆட்டத்தில் முன்கூட்டியே அனுப்பப்படும் சமிக்ஞைகள். ஜெர்மன் தரவில் இவற்றைத் தேடாதீர்கள். ஆனால் ட்ரோன் வாங்க ஓடாதீர்கள். இங்கே ட்ரோன் பறப்பதற்குச் சிவில் விமானப் போக்குவரத்து அதிகார சபையின் விதிகளுக்கு அமைய அனுமதி எடுக்கவேண்டும். பலாலி விமான நிலையமும் பாதுகாப்புப் பகுதிகளும் உள்ள மாவட்டத்தில் அது ஒரு தனிச் செயற்றிட்டம். மாடியில் ஒரு முக்காலியில் கைபேசியை நிறுத்தி, தரையில் நான்கு புள்ளிகளை அளவுநாடாவால் அளந்து, அவற்றைக் கொண்டு படத்தைத் தரைத்தளத்துக்கு மாற்றினால் நடப்பவர்களின் பாதை போதுமான அளவு துல்லியமாகக் கிடைக்கிறது. கட்டட உரிமையாளரின் கடிதமும், நெறிமுறை விண்ணப்பத்தில் இதற்கான ஒரு பந்தியும் இதற்கும் வேண்டும்.

மனிதர் எப்போதும் இழிவான செலவையே தெரிகிறார் என்று கொள்ளாதீர்கள். செலவு குறைந்த தெரிவுக்கு நிகழ்தகவு கூட, செலவு கூடியதற்கு அடுக்குக்குறி வீதத்தில் குறைவு என்று எழுதி, அவர் எவ்வளவு சீராக நடக்கிறார் என்பதை ஒரே மாறியால் குறியுங்கள். ஆள் உங்கள் மாதிரியுருவுக்கு மாறாக நடக்கும்போது அந்த மாறியைக் குறைத்துக்கொண்டே வந்தால், ரோபோ தன் எதிர்வுகூறலில் நம்பிக்கை இழந்து தானாக விலகி நடக்கும். ஓடிப் பிடித்து விளையாடும் பிள்ளைகள் மண்டபத்துக்குள் நுழைந்தபோது என்னைக் காப்பாற்றியது இந்த ஒரு வரிதான்.

6. பொருள்கள்: என் கைச்செலவு

நான் வாங்கிய காலத்து விலைகள் இவை. டொலருடன் சேர்ந்து ஏறி இறங்கும். ரோபோவில் ஏற்றும் சிறு கணினியான நான்கு ஜிகாபைட் ராஸ்பெரி பை 4 ஒன்று 34,000 ரூபா. லேசரால் தூரம் அளந்து சுற்றிப் பார்க்கும் மலிவான லைடார் ஒன்று, அனுப்பும் செலவும் வரியும் சேர்த்து 41,000. சுழற்சி எண்ணியுடன் கூடிய இரண்டு மோட்டார்கள் 9,000, அவற்றைச் செலுத்தும் பலகை 1,500, மின்கலமும் சார்ஜரும் 14,000. உடலை ஒட்டுப்பலகையில் எங்கள் ஊர்த் தச்சரிடம் செய்வித்தேன், 4,500. அவசர நிறுத்தப் பொத்தான், ரிலே, வயர் எல்லாமாக 5,000. ஆக 109,000 ரூபா.

லைடாரை வெளிநாட்டில் இருந்து நானே வருவித்தேன். விலைப்பட்டியலில் பொருளின் பெயர் "உணரி" என்று மட்டும் இருந்ததால் பொதி நின்றுவிட்டது. அது லேசர் கொண்டு தூரம் அளக்கும் சிறு கருவி, வானொலி அலை எதுவும் அனுப்பாது என்று உற்பத்தியாளரின் தரவுத்தாளுடன் விளக்கிய பிறகே விடுவித்தார்கள், ஆறு கிழமை. நீங்கள் அனுப்புநரிடம் முன்கூட்டியே கேட்டு, முழுப் பெயர், மாதிரி இலக்கம், உண்மையான விலை, பயன்பாடு என்பன எழுதிய விலைப்பட்டியலைப் பொதிக்கு வெளியிலும் உள்ளேயும் வைக்கச் சொல்லுங்கள். வைஃபை உள்ள கருவிகளை இறக்குமதி செய்தால் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவின் அனுமதி பற்றிய கேள்வியும் எழும் என்பதால், ராஸ்பெரி பை போன்றவற்றைச் சற்று விலை கூடினாலும் உள்நாட்டு விற்பனையாளரிடமே பற்றுச்சீட்டுடன் வாங்குங்கள். லிதியம் மின்கலத்தைத் தனியாக வருவிக்க முயலவே வேண்டாம். அவற்றைப் பயணிகள் விமானத்தில் சரக்காக ஏற்றுவது 2016 முதல் தடைசெய்யப்பட்டுள்ளது.

மாதங்களைக் கணக்கிடும்போது, லைடாரை ஆவண வேலை தொடங்கிய மறுகிழமையே வரவழைக்க ஏற்பாடு செய்யுங்கள். அது வரும்வரை செய்ய மேலே நிறைய வேலை இருக்கிறது.

7. ஆட்டத்துக்கு வெளியே ஒரு தடுப்பு

ஆட்டத்தின் விடை எவ்வளவு அழகாக இருந்தாலும், மோதலைத் தவிர்க்கும் கடைசிப் பொறுப்பை அதனிடம் கொடுக்காதீர்கள். லைடாரில் இருந்து நேரே மோட்டாருக்குப் போகும் ஒரு சிறிய நிரல், ஆட்டத்தின் கட்டளை எதுவாக இருந்தாலும், தூரம் குறைந்தால் நிறுத்திவிடவேண்டும்.

எவ்வளவு தூரம்? ரோபோவின் கதி செக்கனுக்கு 0.5 மீற்றர், உணர்ந்து செயற்படும் தாமதம் 0.3 செக்கன், அமர்முடுகல் செக்கனின் வர்க்கத்துக்கு 0.5 மீற்றர் என்றால், தாமதத்தில் 0.15 மீற்றரும் நிற்பதில் 0.25 மீற்றரும் ஆக 0.40 மீற்றர். இது சிறிதாகத் தெரியும். நானும் அரை மீற்றர் என்று வைத்துவிட்டுத் திருப்தியாக இருந்தேன். ஆனால் நிற்க எடுக்கும் 1.3 செக்கனில், செக்கனுக்கு 1.4 மீற்றரில் எதிரே நடந்துவருபவர் 1.82 மீற்றர் வந்துவிடுவார். நேருக்கு நேர் வருபவருக்கு 2.22 மீற்றரில் ரோபோ நிற்கத் தொடங்கினால்தான் அவர் வந்து சேருமுன் அது முற்றாக நின்றிருக்கும். எல்லாத் திசையிலும் அதே தூரம் என்று வைத்தால் ரோபோ அசையவே அசையாது. ஆகவே ஆள் நகரும் திசையைப் பொறுத்து எல்லை மாறவேண்டும்.

கையில் பிடிக்கும் நிறுத்தப் பொத்தான் மென்பொருள் வழியாகப் போகக்கூடாது. மோட்டாருக்கான மின்னை ரிலே மூலம் நேரே வெட்டவேண்டும். குழுவிடம் கொடுக்கும் ஆபத்து மதிப்பீட்டில் இந்த வரி இருந்தால் கேள்விகள் பாதியாகக் குறையும்.

8. மண்டபத்தில் ஆட்களுடன்

சனசமூக நிலைய மண்டபம் ஒன்று போதும். பத்து மீற்றர் நீளம், வழுக்காத தரை, இரண்டு வாசல். நிருவாகத்தினருக்கு ஒரு கடிதம் கொடுத்து, கிழமை நாள்களில் காலை வேளையைக் கேளுங்கள். நல்லூர்த் திருவிழாவின் இருபத்தைந்து நாளிலும் யாரையும் எதற்கும் கூப்பிடாதீர்கள். ஐப்பசி, கார்த்திகை மழைக்காலத்தில் ஈரக்கால் தரையும் மின்வெட்டும் சேர்ந்து ஒரு நாளை முழுதாக விழுங்கிவிடும். மண்டபம், படிவ அச்சு, தேநீர், வடை என்று எனக்கு 9,000 ரூபா ஆனது. மின்கலம் முழுமையாக இருந்தாலும் மடிக்கணினிக்கு ஒரு நீட்சி வயர் கொண்டுபோங்கள்.

பன்னிரண்டு பேர், ஆளுக்குப் பத்துக் கடப்பு என்று வைத்தால் ஒரு காலையில் இரண்டு பேரை முடிக்கலாம். ஆட்டக் கட்டுப்பாட்டுடன், ஆளைக் கண்டால் நிற்கும் எளிய கட்டுப்பாட்டையும், ஆள் நேர்கோட்டில் போவார் என்று கொள்ளும் கட்டுப்பாட்டையும் கலந்து ஓட்டுங்கள். எது ஓடுகிறது என்று பங்கேற்பவருக்கும் பொத்தான் பிடிப்பவருக்கும் தெரியக்கூடாது. வரிசையைக் குலுக்கிப் போடுங்கள். நண்பர்களைக் கூப்பிடாதீர்கள்; ரோபோ பழுதாகிவிடுமோ என்று அவர்கள் மூன்று மீற்றருக்கு முன்னமே ஒதுங்கி, உங்களுக்குப் பொய்த் தரவு தருவார்கள். ஒவ்வொரு கடப்புக்கும் மிகக் குறைந்த தூரம், எடுத்த நேரம், ஆள் நின்றாரா, ரோபோ நின்றதா, தடுப்பு குறுக்கிட்டதா என்ற ஐந்தையும் பதியுங்கள். தடுப்பு அடிக்கடி குறுக்கிட்டால், நீங்கள் அளப்பது ஆட்டத்தை அன்றித் தடுப்பை.

நான்காம் நாள் வயதான ஐயா ஒருவர் வந்தார். ரோபோ எதிரே வந்ததும் நின்றார். ரோபோ அவர் நின்றதைக் காண அரைச் செக்கன் பிந்தியதால் அதுவும் நின்றது. அவர் ஓரடி எடுத்தார், ரோபோவும் நகர்ந்தது, இருவரும் மறுபடி நின்றார்கள். பிறகு அவர் குனிந்து, கையால் வழிகாட்டி, "போ ராசா, நீ முதல் போ" என்றார். ரோபோ அசையவில்லை. முதற்கிழமைத் தாளில் 4.9 என்று எழுதியிருந்த சமநிலை அங்கே நின்றுகொண்டிருந்தது.

அதற்கான திருத்தம் மூன்று வரி நிரல்: இருவருடைய கதியும் 1.5 செக்கனுக்கு மேல் செக்கனுக்கு 0.05 மீற்றருக்குக் குறைவாக இருந்தால், ரோபோ ஆட்டத்தை விட்டுவிட்டு விட்டுக்கொடுப்பதாக முடிவெடுத்து, இருபது சென்ரிமீற்றர் பின்வாங்கி, இடப்பக்கம் சாய்ந்து நிற்கவேண்டும். பின்வாங்குவது என்ற எண்ணம் என்னுடையது இல்லை. ஆய்வாளர் டோர்சா சாடிக் குழுவினரின் 2016 ஆய்வில் நாற்சந்தி ஒன்றில் தன்னியக்கக் கார், மற்றச் சாரதியை முதலில் போகவைப்பதற்காகச் சற்றுப் பின்னே நகர்ந்தது. யாரும் அப்படிச் செய்யச் சொல்லி எழுதவில்லை, ஆட்டத்தின் விடையாகவே அது வந்தது. பின்னால் ஆள் இல்லை என்பதை லைடாரில் பார்த்த பிறகே பின்வாங்கும்படி எழுதுங்கள். இந்த மாற்றத்தை நெறிமுறைக் குழுவுக்கு ஒரு பக்கக் கடிதமாக அறிவித்து, பதில் வரும்வரை சோதனையை நிறுத்திவையுங்கள். எனக்கு அந்தப் பதில் ஒன்பது நாளில் வந்தது. ஐயா இரண்டாவது தடவை வந்தபோது ரோபோ பின்வாங்கியதும் தலையை ஆட்டிவிட்டு நடந்துபோனார்.